ஸ்பெயினிலிருந்து வீடு திரும்பும் வழியில்: பிரெஞ்சுக் கிராமங்களில் இரவு எங்கே நிறுத்துவது?

"அண்ணா, ஸ்பெயினிலிருந்து மோட்டார்ஹோமில் திரும்புகிறோம். லெ பெர்துஸில் பிரான்ஸுக்குள் நுழைவோம், ஐந்தாம் நாள் மத்தியானம் கலேயில் இங்கிலாந்துக்குக் கப்பல். டோல் ரோட்டில் ஒரே மூச்சாக ஓட்டாமல் கிராமங்கள் வழியாக வரலாம் என்று ஆசை. நடுவில் நான்கு இரவு இருக்கிறது. எங்கே நிறுத்துவது? வண்டி நிறுத்தும் 'ஏர்' என்கிறார்களே அதுவா, கேம்பிங்கா, பண்ணையா?"

இங்கிலாந்தில் இந்த மாதிரிப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். குளிர்காலத்தை ஸ்பெயினில் கழித்தவர்கள் மார்ச்சில் கேட்பார்கள். கோடை முடிந்து திரும்புபவர்கள் செப்டம்பரில் கேட்பார்கள். போகும்போது யாரும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? போகும்போது தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும், துணி துவைத்து மடித்திருக்கும், ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. திரும்பும்போது கட்டிலுக்கு அடியில் அழுக்குத்துணி மூட்டை, முக்கால்வாசி நிறைந்த டாய்லெட் கசெட் (கழிவு சேரும் பெட்டி), ஆலிவ் எண்ணெய் டின்கள், கையில் மணி குறித்த கப்பல் டிக்கெட்.

முதல் இரண்டு வருடம் நானும் எது மலிவு என்று பார்த்துத்தான் இடம் தேடினேன். இப்போது கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் அந்த நேரக் கணக்கு. 2018 ஜூலையிலிருந்து பிரான்ஸில் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 80 கி.மீ. தான் உச்ச வேகம். சில மாவட்டங்கள் மறுபடி 90 ஆக்கிவிட்டன. ஊருக்குள் 50, பல இடங்களில் 30. ஒவ்வொரு ஊர் வாசலிலும் வேகத்தடை, ரவுண்டானா. மேப் மூன்று மணி நேரம் என்று சொன்னால் மோட்டார்ஹோமுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் 12 முதல் 2 வரை கிராமத்துக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் ரொட்டி வாங்கலாம் என்று இறங்கினால் வெறுங்கையோடு ஏற வேண்டியதுதான். கிராமத்து பேக்கரிகளில் பல திங்கட்கிழமை லீவு.

இரண்டாவது தொட்டிகள். இரண்டு பேருக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீர் சிக்கனமாகப் புழங்கினால் இரண்டு மூன்று நாள் வரும். கசெட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே நான்கு இரவில் ஒன்றிலாவது, முடிந்தால் இரண்டில், கழிவைக் கொட்டவும் தண்ணீர் பிடிக்கவும் வசதி இருக்க வேண்டும்.

மூன்றாவது எடை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரும்பும் வண்டி கனத்த வண்டி. எடையைக் கூட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டே வருவோம். பிரிட்டனுக்குள் வரி இல்லாமல் ஆளுக்கு 18 லிட்டர் வைன் கொண்டுவரலாம், அதாவது 24 பாட்டில். தம்பதிக்கு 48. கண்ணாடியோடு சேர்த்தால் சுமார் 60 கிலோ. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் இன்னொரு 100. மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருக்க வேண்டிய வண்டிகளில் ஆட்கள், சைக்கிள், வெயில்மறைப்பு எல்லாம் போக மிஞ்சும் இடைவெளி பலருக்கு 200, 300 கிலோதான். அதனால் எங்கே தண்ணீர் பிடிப்பது, எங்கே காலித் தொட்டியோடு ஓட்டுவது என்பதும் இரவுத் தங்கலோடு சேர்ந்த கணக்கு.

மின்சாரமும் பணமும் அப்புறம். பணத்தில் வாசலில் கொடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றுப் பாதைக்கு ஆகும் டீசல், ஆளுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் சுற்றுலா வரி, தனியாக வசூலிக்கும் கரண்ட், சும்மா சுவைத்துப் பார்க்கலாம் என்று போய் வாங்கிவரும் பெட்டி எல்லாம் அந்த இரவின் செலவுதான்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. டோல் கட்டாமலே நல்ல வேகச்சாலை பிரான்ஸில் உண்டு. பெசியே பக்கத்திலிருந்து கிளெர்மோன்-ஃபெரான் வரை ஏ75 இலவசம். நடுவில் மியோ பாலத்துக்கு மட்டும் காசு. பிரீவுக்கு வடக்கே வியெர்சோன் வரை ஏ20 இலவசம். ரூவானிலிருந்து அப்வில் வரை ஏ28 இலவசம். இந்த மூன்றையும் கிராமச் சாலைகளால் கோத்துவிட்டால் தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரு வழி கிடைத்துவிடும். டோல் வழியே வருவதென்றால் உயரம் 2 மீட்டருக்கு மேல் 3க்குள், எடை 3.5 டன்னுக்குள் இருக்கும் வண்டி இரண்டாம் வகுப்பு. கூரையில் ஏசியோ டிஷ்ஷோ வைத்து 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு. கேமரா தப்பாக மூன்று என்று காட்டினால் உதவிப் பொத்தானை அமுக்கி "கிளாஸ் தூ" என்று சொல்லிப் பாருங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். மெஷின் இடப்பக்கம் இருக்கும், நம் பிரிட்டிஷ் வண்டியில் ஸ்டீரிங் வலப்பக்கம். எங்கள் வண்டியில் டோல் கட்டும் அமைச்சர் என் மனைவிதான்.

## ஏர்: எந்த நேரமும் திறந்த வாசல்

இந்த ஏருக்கும் நம் கலப்பைக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சில் 'தளம்' என்று பொருள். மோட்டார்ஹோம்களுக்கு என்றே கிராமப் பஞ்சாயத்தோ நகராட்சியோ ஒதுக்கிவைத்த நிறுத்துமிடம். சில இடங்களில் பத்து வண்டிக்குக் கோடு போட்ட தார்த்தரை. சில இடங்களில் ஆற்றங்கரைப் புல்வெளி. தொர்தோன் ஆற்றின் கரையில் செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக்கில், காலையில் திரையை விலக்கினால் எதிரே ஆறுதான்.

இலவச ஏர்கள் இன்னும் நிறைய உண்டு. காசு வாங்கும் இடங்களில் 5 முதல் 12 யூரோ வரை சகஜம். கேம்பிங்-கார் பார்க் என்ற வலையமைப்பில் ஒரு தடவை 5 யூரோவுக்கு அட்டை வாங்கிவிட்டால் தானியங்கிக் கதவு எந்த நேரமும் திறக்கும். இரவுக்கு 10 முதல் 16 யூரோ, பெரும்பாலும் கரண்டோடு சேர்த்து. மூடிப்போன நகராட்சி கேம்பிங்குகள் பல இந்த வலையமைப்புக்குள் போயிருக்கின்றன. அதனால் தார்த்தரைக்குப் பதில் மரநிழலும் கிடைக்கும்.

ஏரின் பெரிய பலம், இரவு ஒன்பதுக்குப் போனாலும் யாரையும் எழுப்ப வேண்டாம் என்பது. பலவீனம் அந்தத் தண்ணீர் மெஷினில் இருக்கிறது. ஆளுயரத்துக்கு ஒரு உலோகப் பெட்டி. பல ஊர்களில் அதில் காசு போட முடியாது, 'ஜெத்தோன்' என்ற டோக்கன்தான் போகும். டோக்கன் பேக்கரியில் கிடைக்கும் என்று எழுதியிருக்கும். பேக்கரி திங்கட்கிழமை மூடியிருக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமையாக இருக்கும். டோக்கன் கையில் இருந்தாலும் அதைப் போட்ட நொடியிலிருந்து பத்து நிமிடம்தான் தண்ணீர் ஓடும். அதனால் முதலில் குழாயை மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டு, மனைவியையோ பிள்ளையையோ அங்கே காவல் வைத்துவிட்டு, அப்புறம் டோக்கனைப் போடுங்கள். குழாய் முனைகளின் மரை இடத்துக்கு இடம் மாறும். மூன்று நான்கு அளவில் இணைப்பு வைத்திருப்பது நல்லது. இன்னொன்று: கசெட்டைக் கழுவும் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் ஒரு முழ தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முந்தி வந்தவர் எதை எங்கே செருகினார் என்று நமக்குத் தெரியாது. குடிதண்ணீர்க் குழாயின் வாயை டெட்டால் துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் மாட்டுவேன்.

மறைசெலவு என்று பார்த்தால் தூக்கம். கிராமத்து ஏர் பெரும்பாலும் கோவிலுக்கு, அதாவது அவர்களின் தேவாலயத்துக்கு, அடுத்தாற்போல் இருக்கும். மணி ஒவ்வொரு மணிக்கும் அடிக்கும். சில ஊர்களில் எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடிக்கும். இரவு பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு அடி எண்ணிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு தடவை ஊர்ச் சதுக்கத்தில் அழகாக நிறுத்திவிட்டுப் படுத்தோம். விடியற்காலை ஐந்தரைக்குக் கதவில் தட்டு. வெளியே காய்கறி வேன்காரர், அவர் பின்னால் இன்னும் நான்கு வேன். சந்தை நாள். 'மார்ஷே' என்று கிழமையோடு ஒரு பலகை கம்பத்தில் தெளிவாகத்தான் இருந்தது. இருட்டில் வந்த நாங்கள் பார்க்கவில்லை. கோபப்படாமல் சிரித்துவிட்டு, வண்டியை ஓரம் கட்ட இடமும் காட்டினார். அன்றைக்கு அவரிடம் முதல் ஆளாகத் தக்காளி வாங்கியது நாங்கள்தான்.

ஏரில் வெயில்மறைப்பை விரித்து, நாற்காலி மேசை போட்டு உட்காராதீர்கள். பிரான்ஸில் நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. ஏர் நிறுத்துவதற்கு. பக்கத்து பிரெஞ்சுக்காரர் மேசை போட்டு வைன் ஊற்றிக்கொண்டிருந்தாலும் அது அவர் துணிச்சல்.

## முனிசிபல் கேம்பிங்: துவைக்கவும் குளிக்கவும்

பிரெஞ்சுச் சிற்றூர்கள் பலவற்றில் நகராட்சியே நடத்தும் கேம்பிங் இருக்கும். நீச்சல்குளம், வாட்டர் ஸ்லைடு, இரவு டிஸ்கோ என்று தனியார் கேம்பிங்குகள் செய்யும் ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. வேலி போட்டுப் பிரித்த புல் மனைகள், ஒரு கழிப்பறைக் கட்டடம், நிழலுக்கு மரங்கள், சுற்றி நடந்தால் ஆறோ குளமோ. இரண்டு பேர், வண்டி, கரண்ட் எல்லாம் சேர்த்து 12 முதல் 20 யூரோ.

திரும்பும் வழியில் ஒரு இரவாவது இங்கே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் வாஷிங் மெஷின். ஒரு லோடு நான்கைந்து யூரோ. மத்தியானம் நாலுக்குள் போய்விட்டால் துவைத்துக் காயவும் வைத்துவிடலாம். அந்தத் துணி வீட்டுக்குப் போய் மூன்று நாள் உங்கள் ஹாலில் கிடக்காது. வரும் வழியில் பெரிய சூப்பர்மார்க்கெட் வாசல்களிலும் திறந்தவெளி வாஷிங் மெஷின்கள் இருக்கும். அவசரத்துக்கு அதுவும் போதும், ஆனால் கார் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் சீட் இல்லாமல் இருக்கலாம், பேப்பர் அநேகமாக இருக்காது. ஷவர் பொத்தான் அமுக்கினால் அரை நிமிடம் வரும். கரண்ட் பல இடங்களில் 6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 1,380 வாட். இங்கிலாந்து வீட்டுக் கெட்டில் 3,000 வாட் இழுக்கும். போட்டால் உடனே டிரிப். காவலாளி வந்துதான் பெட்டியைத் திறந்து மறுபடி போட வேண்டும், அவர் மாலை ஏழுக்கு மேல் இருக்கமாட்டார். நம் சின்ன ரைஸ் குக்கர் 500 வாட்டுக்குள் அடங்கிவிடும், நிம்மதியாக ஓடும். சாதம் உண்டு, டீ இல்லை என்று ஒரு இரவு ஓட்டியிருக்கிறோம். அப்புறம்தான் டீக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறதே என்று புத்தி வந்தது.

நேர விஷயத்தில் இதுதான் ஏருக்கு நேர் எதிர். அலுவலகம் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்றுதான் திறந்திருக்கும். மூடியிருந்தால் "இடம் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்" என்று அட்டை தொங்கும். அப்படியே செய்யலாம். ஆனால் தடுப்புக் கம்பம் இரவு பத்துக்கு மூடிக் காலை ஏழுக்குத்தான் திறக்கும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டிய கடைசி இரவில் இதைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பருவம். முனிசிபல் கேம்பிங்குகள் பெரும்பாலும் ஏப்ரல் அல்லது மே முதல் செப்டம்பர் அல்லது அக்டோபர் வரைதான். மார்ச்சில் திரும்புபவர்களுக்கு இந்தத் தேர்வு ஏறக்குறைய கிடையாது. அப்போது வருடம் முழுக்கத் திறந்திருக்கும் தனியார் கேம்பிங்கைத் தேட வேண்டும். ஏ.சி.எஸ்.ஐ. தள்ளுபடி அட்டை வைத்திருந்தால் கூட்டமில்லாத மாதங்களில் விலை குறையும்.

## பண்ணை: இலவசம், ஆனால் சீக்கிரம் வர வேண்டும்

ஃப்ரான்ஸ் பாசியோன் 1993இல் தொடங்கிய ஏற்பாடு. திராட்சைத் தோட்டக்காரர்கள், ஆடு வளர்ப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், வாத்துப் பண்ணைக்காரர்கள் என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் இடத்தில் மோட்டார்ஹோம்காரர்களை ஒரு இரவு, 24 மணி நேரத்துக்கு மிகாமல், இலவசமாக நிறுத்தவிடுகிறார்கள். வருடச் சந்தா 30 யூரோ சொச்சம். வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்க வேண்டும். கழிவை அங்கே கொட்டக்கூடாது. எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும், போகும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

கிராமத்து பிரான்ஸைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றால் நான்கு இரவில் நினைவில் நிற்பது இதுவாகத்தான் இருக்கும். ரொகமதூர் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணைக்கு மாலை ஐந்துக்குப் போனோம். பால் கறக்கும் நேரம். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து இடம் காட்டிவிட்டு, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று கொட்டகைக்குள் கூட்டிப்போனார். ஆடுகள் வரிசையாக மேடையில் ஏறித் தலையைக் கம்பிக்குள் நுழைத்துத் தீனி தின்ன, பின்னால் மெஷின் கறந்தது. அடுத்த அறையில் ரொகமதூர் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் 35 கிராம் வில்லைகளாகத் தட்டுகளில் அடுக்கியிருந்தது. ஒரு நாள் ஆனது, ஒரு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது என்று மூன்றையும் வெட்டிக் கொடுத்தார். ஒரு நாள் ஆனது நம் வீட்டுக் கெட்டித்தயிர் மாதிரி. மூன்று வாரம் ஆனது நாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இரவு வண்டியில் ரசத்துக்குக் கடுகு தாளித்த வாசனைக்குப் பண்ணை நாய் படியருகே வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, மறைசெலவுக்கு வருவோம். முதலாவது கூச்சம். கட்டாயம் இல்லை என்பது தாளில். இடம் கொடுத்து, சுற்றிக்காட்டி, ஊற்றியும் கொடுத்தவரிடம் வெறுங்கையோடு வர நமக்கு மனசு வராது. ஒரு வைன் பண்ணையில் ஆறு பாட்டில் வாங்கினோம், சுமார் 60 யூரோ. அடுத்த ஊர் கேம்பிங் 16 யூரோ. நல்ல வைன்தான், வருத்தமில்லை. ஆனால் இலவசம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டாவது, வாங்கியதைக் கொண்டுபோக முடியுமா என்பது. 2025 ஏப்ரல் 12 முதல் கோமாரி நோய்க்குப் பயந்து, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால் பொருட்கள் எதையும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுவர அரசு தடை விதித்தது. கப்பல் ஏறும் முன் இன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடை இருக்கும்வரை அந்த ஆட்டுச் சீஸைக் கலேக்கு முன்னால் தின்று முடிக்க வேண்டும். அதனால் சீஸ் பண்ணை என்றால் பயணத்தின் நடுவில், கடைசி நாளில் வேண்டாம். வைன், தேன் என்றால் எங்கும் சரி.

மூன்றாவது தரை. மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை, பாரமோ பின்னால். மழை பெய்த புல்லில் நிறுத்தினால் காலையில் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களை ஒரு தடவை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். இழுத்த மனிதர் காசு வாங்க மறுத்துவிட்டார், இன்னும் மூன்று பாட்டில் வாங்கினோம். இப்போதெல்லாம் சரளைக்கல் ஓரம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நான்காவது நேரம். ஒருவர் வீட்டு முற்றத்துக்கு இருட்டியபின் போவது மரியாதையில்லை. ஆறு மணிக்குள் போக முடியாது என்று தெரிந்தால் பண்ணையை விட்டுவிடுங்கள். செப்டம்பரில் இன்னும் கவனம்: அது திராட்சை அறுவடை நேரம். தோட்டக்காரர் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருப்பார். அப்போது வைன் பண்ணைக்குப் பதில் தேன், ஆட்டுப் பண்ணைகளைப் பாருங்கள்.

## நெடுஞ்சாலை ஓய்விடம்

இதையும் ஏர் என்றுதான் சொல்வார்கள், குழம்பிக்கொள்ள வேண்டாம். பகலில் சாப்பிட, கால் நீட்ட நல்ல இடம். இரவுக்கு வேண்டாம். பக்கத்து லாரியின் குளிர்சாதனம் இரவெல்லாம் உறுமும். ஆட்கள் உறங்கும்போதே வண்டிக்குள் புகுந்து திருடுவது இங்கே நடக்கிறது. ஜன்னல் வழியே மயக்க வாயு அடித்துவிட்டுத் திருடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை மட்டும் நம்பாதீர்கள். அப்படிச் செய்வது நடைமுறையில் சாத்தியமில்லை என்று பிரிட்டனின் மயக்கவியல் ராயல் கல்லூரி எப்போதோ சொல்லிவிட்டது. அயர்ந்து தூங்குபவரிடம் திருட வாயு எதற்கு?

கண் சொக்கினால் விதிவிலக்கு. அப்போது எங்கேயும் நிறுத்துங்கள், அரை மணி நேரமாவது படுங்கள். ஆனால் அடுத்த வெளிவாசலில் இறங்கிப் பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு கிராம ஏர் அநேகமாக இருக்கும். பார்க்4நைட் செயலியில் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | எத்தனை மணிக்குள் | வாசலில் செலவு | மறைசெலவு | தண்ணீர், கழிவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|---|
| கிராம ஏர் | எப்போதும் | 0–16 யூரோ | மணியோசை, சந்தை நாள், டோக்கன் | பெரும்பாலும் உண்டு. குளிர்காலத்தில் தண்ணீர் நிறுத்தியிருக்கலாம் | தாமதமாக வருபவர், விடிகாலை கிளம்புபவர் |
| முனிசிபல் கேம்பிங் | மாலை 7 | 12–20 யூரோ | சுற்றுலா வரி, குறைந்த ஆம்பியர் | முழுதாக உண்டு | துணி சேர்ந்தவர், பிள்ளைகள் உள்ளவர் |
| பண்ணை | மாலை 6 | 0 (வருடச் சந்தா தனி) | வாங்கும் பொருள், சேறு, சுற்றுப்பாதை | இல்லை | நேரம் இருப்பவர், பேச ஆசைப்படுபவர் |
| நெடுஞ்சாலை ஓய்விடம் | எப்போதும் | 0 (டோல் தனி) | திருட்டு, சத்தம் | சில இடங்களில் | கண் சொக்கியவர் மட்டும் |

## அந்த நான்கு இரவு

கேள்வி கேட்ட தம்பிக்கு நான் போட்டுக்கொடுத்தது இது. அப்படியே பின்பற்ற வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு இரவும் ஏன் அப்படி என்று மட்டும் பாருங்கள்.

முதல் இரவு ஏர். ஸ்பெயின் கேம்பிங்கிலிருந்து தொட்டி நிரப்பி, கசெட் காலி செய்து, எப்படியும் தாமதமாகத்தான் கிளம்புவீர்கள். லெ பெர்துஸிலிருந்து பெசியே வந்து ஏ75 ஏறினால் மியோ வரை 250 கி.மீ. தான். பாலத்துக்கு முன்னால் லர்சாக் மேட்டுநிலத்தில் ஏதாவது ஒரு கிராம ஏர் போதும். மறுநாள் காலை வெளிச்சத்தில் மியோ பாலம். 2,460 மீட்டர் நீளம், உச்சியில் 343 மீட்டர் உயரம், 2004 டிசம்பரில் திறந்தது. காசு கொடுத்து மேலே போகலாம். ஆனால் மேலே போனால் பாலம் தெரியாது, காற்றுத் தடுப்பும் வானமும்தான் தெரியும். பழைய சாலையில் இறங்கி ஊருக்குள் போய் அண்ணாந்து பாருங்கள், இலவசமும்கூட.

இரண்டாவது இரவு பண்ணை. மியோவிலிருந்து வடக்கே கொஞ்சம் போய் ஏ75ஐ விட்டு இறங்கி, ரொதேஸ், ஃபிஜாக் வழியாக ரொகமதூர் பக்கம் வருவது 180 கி.மீ. சொச்சம். முழுக்கச் சின்னச் சாலை. அவசரமில்லாமல் ஓட்டினாலும் நாலரை ஐந்துக்குப் போய்விடலாம், பால் கறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். சீஸ் தின்று தீர்க்க இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும்.

மூன்றாவது இரவு முனிசிபல். கசெட் நிறைந்திருக்கும், துணியும் சேர்ந்திருக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பி, பிரீவில் ஏ20 பிடித்தால் வியெர்சோன் வரை சுமார் 280 கி.மீ. இலவச ஓட்டம், மூன்றரை நாலுக்குச் சேரலாம். அங்கிருந்து வடக்கே சொலோன் காடும் குளமுமான பிரதேசம். தலைகீழ் ஆப்பிள் பணியாரமான தார்த் ததான் பிறந்த லமோத் பெவ்ரோன் இங்கேதான் இருக்கிறது. துணி காயும் நேரத்தில் போய் ஒரு துண்டு சாப்பிட்டு வரலாம். மார்ச்சில் வருபவர்கள் இந்த இரவைத் திறந்திருக்கும் தனியார் கேம்பிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: இறங்காமல் வடக்கே தொடர்ந்தால் ஏ75 1,100 மீட்டர் உயரத்தைத் தாண்டும் சாலை. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலை மாவட்டங்களின் பல ஊர்களில் குளிர்கால டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டும் இல்லாதவர்கள் தாழ்வான பாதையில் துலூஸ் சுற்றி வருவது நல்லது, டோல் போனாலும்.

நான்காவது இரவு மறுபடி ஏர். ஓர்லெயான், ஷார்த்ர், எவ்ரூ, ரூவான், அப்வில் என்று 400 கி.மீ. ஆகும். சாதாரணச் சாலைகளில் லாரிகளுக்குப் பின்னால் நாள் முழுக்கப் போய்விடும். எத்தனை மணிக்குச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. சொம் ஆற்று முகத்துவாரத்தில் சென் வலெரி சுர் சொம் ஊரின் மேட்டில் பெரிய ஏர் இருக்கிறது. இருட்டியபின் போனாலும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கலேக்கு இன்னும் 110 கி.மீ. தான். கலே வாசலிலேயே கடைசி இரவைப் போடுவதைவிட இது நிம்மதி. காலையில் நல்ல தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலியாகக் கிளம்புங்கள். அந்த 48 பாட்டிலுக்கு அதுதான் இடம்.

கப்பல் மாலையில்தான் என்றால் கலேக்குத் தென்கிழக்கே பெத்தூன் பக்கம் நெவ்-ஷப்பெல் வரை ஒரு எட்டுப் போய்வாருங்கள். முதல் உலகப்போரில் இந்தப் பக்கம் சண்டையிட்டு, கல்லறைகூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர்கள் பெயர்கள் வட்டச் சுவரில் வெட்டியிருக்கின்றன. 1927இல் திறந்த நினைவிடம். சாலை ஓரத்திலேயே, வயல்களுக்கு நடுவில், தாமரை முடி வைத்த தூணுக்கு இருபுறமும் இரண்டு புலிகள். நாங்கள் போன அன்று வேறு யாருமே இல்லை. சாலையில் ஒரு பீட்ரூட் டிராக்டர் மட்டும் போனது.

துறைமுகத்துக்குள் நுழையும் முன் ஒரு சுற்று சுற்றி, சைக்கிள் உறையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பின்பெட்டிகளைப் பூட்டியிருக்கிறோமா என்று சரிபாருங்கள். யாராவது ஒளிந்து ஏறியிருந்தால் அபராதம் வண்டிக்காரர் தலையில்தான் விழும். ஃபிரிட்ஜையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்கள் ஃபிரிட்ஜில் அந்த 35 கிராம் வில்லை ஒன்று எப்படியும் மிஞ்சியிருக்கும், வரிசையில் நின்றுகொண்டே தின்றுவிடுவோம்.